மதர்போர்டிலேயே உள்ள வைஃபையை இயங்கவைப்பது எப்படி

மதர்போர்டின் பெட்டியில் வைஃபை என்று பெரிதாக அச்சிட்டிருந்தும், கணினியைப் பொருத்தி முடித்து விண்டோசைத் திறந்தபின் வைஃபைக்கான சின்னமே கண்ணில் படாமல் திகைத்தவர்கள் பலர். அந்த நிமிடத்தில் பெரும்பாலோர் செய்வது டிரைவரைத் தேடி இறக்குவதுதான். அது தவறான வேலையன்று. ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலையும் அன்று. போர்டோடு வரும் வைஃபை ஒரே பொருளைப் போலத் தோன்றினாலும், பின்புறம் திருகும் ஆன்டெனா, உள்ளே செருகியிருக்கும் சிறு கார்டு, கணினி தொடங்கும்போது முதலில் ஓடி அந்தக் கார்டை இயங்க அனுமதிக்கும் பயாஸ் என்ற நிரல், அதனோடு பேசும் மென்பொருளான டிரைவர் என நான்கு பகுதிகள் அதில் உண்டு. இவற்றில் எது தடைப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் டிரைவரை ஐந்து முறை மாற்றிப் பார்ப்பவர், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று குழாயையே மாற்றிக்கொண்டிருப்பவரைப் போன்றவர். மேலே தொட்டி காலியாக இருப்பதை அவர் பார்க்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு, நீங்கள் வாங்கிய போர்டில் வைஃபை உண்மையாகவே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே பெயர் கொண்ட போர்டு வைஃபையுடனும் வைஃபை இல்லாமலும் விற்கப்படுவது வழக்கம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பெயரின் இறுதியில் வரும் வைஃபை, ஏசி, ஏஎக்ஸ் போன்ற ஓர் ஒட்டுச்சொல் மட்டுமே. வைஃபை இல்லாத வகையிலும் கார்டைச் செருகுவதற்கான எம்.2 இடமும், பின்தகட்டில் ஆன்டெனாவுக்கான இரு துளைகளும் இருக்கக்கூடும் என்பதால், துளையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கேபினட்டின் பின்புறம், யுஎஸ்பி துளைகளுக்கு அருகே, மறையுடன் கூடிய பொன்னிற உருளைகள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கார்டு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். போர்டின் ஓரத்தில் மாதிரிப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் திருத்த எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும்.

அந்த இரண்டு உருளைகளிலும் ஆன்டெனா இருக்க வேண்டும். இதைச் சொல்வதே அநாவசியம் என்று தோன்றலாம். ஆனால் கடையில் பொருத்தித் தரும் கணினிகளில், ஆன்டெனா மதர்போர்டின் வெற்றுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் அப்படியே கிடப்பதும், அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விடுவதும் அரிதன்று. ஆன்டெனா இல்லாத கார்டு முற்றிலும் ஊமையாகிவிடுவதில்லை என்பதுதான் குழப்பத்தின் வேர்: ரவுட்டர் அதே அறையில் இருந்தால் ஒன்றிரண்டு கோடுகள் அளவுக்குச் சிக்னல் தெரியும், இணைப்பும் சில நேரம் கிடைக்கும், பிறகு அறுந்துவிடும். பயனரோ மென்பொருளில் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார். கார்டு இரண்டு ஆன்டெனாக்களையும் சேர்த்தே பயன்படுத்துவதால் இரண்டையும் பொருத்த வேண்டும். விரல்களால் திருகும் இறுக்கமே போதும், குறடு வேண்டியதில்லை. தொலைந்துபோன ஆன்டெனாவுக்கு மாற்று வாங்குபவர்கள், அது ஆர்பி-எஸ்எம்ஏ வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த வகையில் ஊசி போர்டின் பக்கமும் துளை ஆன்டெனாவின் பக்கமும் இருக்கும். சாதாரண எஸ்எம்ஏ ஆன்டெனாவில் ஊசி ஆன்டெனாவின் பக்கமே இருப்பதால், இரண்டு ஊசிகளும் மோதி வளைந்துபோக வாய்ப்புண்டு. சில புதிய போர்டுகளில் திருகுவதற்குப் பதிலாக அழுத்திப் பொருத்தும் முனைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு அந்தப் போர்டுடன் வந்த ஆன்டெனாவையே பயன்படுத்துவது நல்லது.

ஆன்டெனா சரியாக இருக்கிறதென்றால், அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுசின் வலப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் அது இருக்கிறது. அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பிரிவை விரித்துப் பார்த்தால், கார்டின் நிலையை ஏறக்குறைய முழுவதுமாக ஊகித்துவிடலாம். வைஃபை கார்டின் பெயர் எந்தக் குறியும் இல்லாமல் தெரிந்தால், கார்டும் டிரைவரும் நலம். விமானப் பயன்முறை போடப்பட்டிருக்கிறதா, விண்டோசின் சர்வீசஸ் பட்டியலில், வைஃபையை நிர்வகிக்கும் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கார்டின் பெயரே இல்லாமல், அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று மஞ்சள் முக்கோணத்துடன் ஒன்று தெரிந்தால், கார்டு உயிருடன் இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. கார்டின் பெயரும் மஞ்சள் குறியும் சேர்ந்து தெரிந்து, அதன் விவரத்தில் கோட் 10 அல்லது கோட் 43 என்று இருந்தால், டிரைவர் இருந்தும் கார்டு அதற்குப் பதில் சொல்லவில்லை. எங்குமே எதுவும் தெரியவில்லை என்றால், வியூ மெனுவில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். அப்போது கார்டின் பெயர் மங்கலாகத் தெரிந்தால், அது முன்பு ஒருநாள் இயங்கியிருக்கிறது, இப்போது காணாமல் போயிருக்கிறது என்று பொருள்.

இங்கே ப்ளூடூத் ஒரு நல்ல துப்பு தருகிறது. வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டில் இருந்தாலும் அவை கணினியுடன் பேசும் வழிகள் வேறு: வைஃபை பொதுவாகப் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் செல்கின்றன. ஆகவே ப்ளூடூத் இயங்கி வைஃபை இயங்காவிட்டால், கார்டு செருகப்பட்டிருக்கிறது, அதற்கு மின்சாரமும் போகிறது என்பது வரை உறுதியாகிவிடுகிறது. இரண்டுமே இல்லையென்றால் சந்தேகம் பயாசின் மேலும் கார்டின் மேலும் திரும்ப வேண்டும்.

டிரைவர் இல்லாத நிலையில் எழும் முதல் சிக்கல் கோழியா முட்டையா என்பது போன்றது: டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணைய இணைப்பைக் கேட்டு நின்றுவிடுவதால், புதிய கணினியில் இது இன்னும் கடுமையாக உறைக்கிறது. ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அதுவே எளிய வழி. முடியாவிட்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். இதற்கான டிரைவர் விண்டோசுக்குள்ளேயே இருப்பதால் கணினி அதை ஒரு லேன் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். கேபிள் தரவையும் கடத்துவதாக இருக்க வேண்டும். மின்னேற்றம் மட்டும் செய்யும் மலிவுக் கேபிளில் இது நடக்காது. இணைப்புக் கிடைத்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால், பல கார்டுகளுக்கான டிரைவர் தானாகவே வந்து சேர்ந்துவிடும். கைப்பேசியும் கைகொடுக்காவிட்டால், வேறொரு கணினியில் டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் எடுத்து வருவதே மிச்சமிருக்கும் வழி.

எந்த டிரைவரை இறக்குவது என்பதில்தான் அந்தத் திருத்த எண் வேலைக்கு வருகிறது. போர்டு நிறுவனங்கள் ஒரே மாதிரிப் போர்டில், தயாரிப்புக் காலத்தையும் திருத்த எண்ணையும் பொறுத்து, வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை கார்டுகளைப் பொருத்துவதுண்டு. அதனால் பதிவிறக்கப் பக்கத்தில் இன்டெல், மீடியாடெக், ரியல்டெக் என்று மூன்று வைஃபை டிரைவர்கள் வரிசையாக நிற்கும். மூன்றில் எது உங்களுடையது என்று பக்கம் சொல்லாது. கார்டையே கேட்டுவிடலாம். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரில்லாத நெட்வொர்க் கன்ட்ரோலரைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீண்ட வரி வரும். அதில் விஇஎன் என்ற மூன்று எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் கார்டைச் செய்த நிறுவனத்தின் எண். 8086 என்றால் இன்டெல், 14சி3 என்றால் மீடியாடெக், 10இசி என்றால் ரியல்டெக், 17சிபி என்றால் குவால்காம். இன்டெல் தன் பழைய சில்லு ஒன்றின் பெயரையே தன் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டிருப்பதால், அதை மட்டுமாவது மறக்க முடியாது. ஏஎம்டி போர்டுகளில் ஆர்இசட்608, ஆர்இசட்616 என்ற பெயர்களைப் பார்ப்பவர்கள் அவற்றை ஏஎம்டியின் சொந்தச் சில்லுகள் என்று எண்ணிவிடுகிறார்கள். அவை மீடியாடெக்கின் 7921, 7922 வரிசைச் சில்லுகள்தாம், ஆகவே மீடியாடெக் டிரைவரையே எடுக்க வேண்டும்.

இன்டெல் கார்டுக்கான டிரைவரை இன்டெல்லின் தளத்திலிருந்தே எடுப்பது நல்லது. மற்றவற்றுக்குப் போர்டு நிறுவனத்தின் பக்கமே சரியான இடம். தானே டிரைவரைத் தேடிப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவை தரும் தலைவலி வைஃபை இல்லாத தலைவலியைவிடப் பெரியது. இறக்கிய கோப்பு நிறுவியாக இல்லாமல் சுருக்கிய கோப்புறையாக மட்டும் இருந்தால், அதை விரித்து வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் என்பதைச் சொடுக்கி, கணினியிலேயே தேடும் வழியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கோப்புறையைக் காட்ட வேண்டும். போர்டின் முதன்மைச் சில்லுத் தொகுதியான சிப்செட்டின் டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, அதன்பின் வைஃபைக்கும், அதன்பின் ப்ளூடூத்துக்கும் போவது ஒழுங்கான வரிசை. வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் டிரைவர்கள் தனித்தனி என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, நேற்று வரை இயங்கிய வைஃபை இன்று காலை கோட் 10 என்று சொல்லி நிற்கும் நிலைக்கு வருவோம், ஏனெனில் மிக அதிகமாக அல்லாடவைப்பது இதுதான். கணினியை ஷட் டவுன் செய்தபின்பும், கேபினட்டுக்குள் இருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கிறது; பல போர்டுகளில் அதிலிருந்து வைஃபை கார்டும் ஒரு துளி குடித்துக்கொண்டிருக்கும். கார்டுக்குள் ஓடும் நிரல் ஏதோ ஒரு காரணத்தால் சிக்கிக்கொண்டால், கணினியை எத்தனை முறை மறுதொடக்கம் செய்தாலும் கார்டு மட்டும் முழுவதுமாக அணைவதில்லை, ஆகவே அதன் மயக்கமும் தெளிவதில்லை. போதாக்குறைக்கு, விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எடுத்து வைக்கிறது. நேற்றைய கோளாறும் கூடவே வந்துவிடக்கூடும்.

இதற்கு மருந்து மின்சாரத்தை முழுவதுமாக வடிப்பது. கணினியை ஷட் டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ்சின் பின்னாலுள்ள சுவிட்சை அணைத்து, மின் கேபிளையும் உருவிவிட்டு, கேபினட்டின் முன்புறப் பவர் பொத்தானை 30 வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு சில நிமிடங்கள் விட்டுவிட்டுத் திரும்பவும் இணைக்கலாம். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்து இதைச் செய்வது பலிக்காமல் போகலாம். நானே ஒரு முறை அப்படிச் செய்து, இரண்டு தடவை பலிக்காமல், கார்டு செத்துவிட்டது என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்; கணினிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த யுபிஎஸ் தன் பேட்டரியிலிருந்து விடாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்ததை மறந்துபோயிருந்தேன். கேபிளை உருவிய மூன்றாவது முறை கார்டு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நின்றது. இது அடிக்கடி திரும்பினால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியையும் நீக்கிவிடுங்கள்; கணினி உறக்கத்திலிருந்து எழும்போது வைஃபை காணாமல் போகும் தொல்லை இதனால் பல நேரம் தீரும். விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாள் தொடங்கிய கோளாறாக இருந்தால், ரோல் பேக் டிரைவர் என்ற பொத்தான் பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவரும்.

வடித்துப் பார்த்தும் கார்டு தென்படவில்லை என்றால் பயாசுக்குள் செல்ல வேண்டும். கணினி தொடங்கும்போது டெலிட் விசையையோ எஃப்2 விசையையோ தட்டிக்கொண்டிருந்தால் அது திறக்கும். ஆன்போர்டு டிவைசஸ் என்பது போன்ற பெயரில் உள்ள பகுதியில் வைஃபை கன்ட்ரோலர், ப்ளூடூத் கன்ட்ரோலர் என்ற வரிகள் இருக்கும். இன்டெல் போர்டுகளில், சிப்செட்டோடு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் வைஃபை வகையான சிஎன்விஐ என்ற வரியும் இருக்கலாம். அவை அணைந்திருந்தால் இயக்கிவிட்டுச் சேமித்து வெளியேறுங்கள். இயங்கியே இருந்தால், ஒரு முறை அணைத்துச் சேமித்து, விண்டோஸ் வரை சென்று திரும்பி, மீண்டும் இயக்கிப் பார்ப்பதும் பலன் தருவதுண்டு. பயாசைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைப் பிட்லாக்கர் முறையில் பூட்டி வைத்திருக்கிறது, பயாசை மாற்றியதும் அது மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்த 48 இலக்கச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாசைத் தொடாதீர்கள்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கதை வேறு. அங்கே டிரைவர், அமைப்பின் மையப் பகுதியான கர்னலோடு வருகிறது, ஆகவே இறக்குவதற்கு எதுவும் இல்லை. கர்னல் கார்டைவிடப் பழையதாக இருக்கிறதா என்பதே கேள்வி. இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டுக்குக் கர்னல் 5.10, மீடியாடெக் 7921க்கு 5.12, ரியல்டெக் 8852பிஇ கார்டுக்கு 6.2, மீடியாடெக் 7925க்கு 6.7 ஆகியவற்றிலிருந்துதான் ஆதரவு தொடங்குகிறது. கர்னல் புதிதாக இருந்தும் இயங்காவிட்டால், கார்டுக்குள் ஓடும் நிரல்களைக் கொண்ட லினக்ஸ் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோசையும் லினக்சையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இங்கேயும் வந்து குறுக்கிடும்: விண்டோஸ் கார்டைப் பாதி உறக்கத்தில் விட்டுச் சென்றால் லினக்ஸ் அதை எழுப்ப முடியாமல் திணறும்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்த அசைவும் இல்லையென்றால், கார்டு தளர்ந்திருக்கலாம் அல்லது செத்திருக்கலாம். அது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு எம்.2 கார்டு; பெரும்பாலும் பின்தகட்டுக்குப் பக்கத்தில், ஒரு தகர உறைக்குள் செங்குத்தாக நிற்கும். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் திருப்புளியை எடுக்காமல் போர்டை உத்தரவாதத்தில் கொடுத்துவிடுவது நல்லது. மற்றவர்கள் கார்டை மாற்றலாம், ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய கார்டுகள் சிஎன்விஐ வகை. வைஃபையின் ஒரு பாதி வேலையை அவற்றுக்காக இன்டெல் சிப்செட்டே செய்கிறது. ஏஎம்டி போர்டில் அவற்றைச் செருகினால் இடம் பொருந்தும், வேலை நடக்காது. எண்ணில் ஒன்றே குறைவான ஏஎக்ஸ்210 முழுமையான கார்டு என்பதால் இரண்டு வகைப் போர்டிலும் இயங்கும். வைஃபை 7 ஆசையில் இன்டெல் பிஇ200 கார்டை வாங்கி ஏஎம்டி போர்டில் போட்டவர்கள் பலர், அது இயங்காமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கார்டின் மேலுள்ள ஆன்டெனாக் கம்பிகளின் முனைகள் மிக நுண்ணியவை. நேராக மேலிருந்து அழுத்தி, சிறு சொடுக்கொலி வரும்வரை பொருத்த வேண்டும். கோணலாக அழுத்தினால் நசுங்கிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காக அவை செய்யப்படவும் இல்லை.

கார்டு இயங்கி இணைப்பும் கிடைத்து, வேகம் மட்டும் ஏமாற்றம் தந்தால், முதலில் எந்த அலைவரிசையில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அமைப்புகளில் இணைப்பின் பண்புகளைத் திறந்தால் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும். 2.4 நெடுந்தூரம் போகும், ஆனால் மெதுவானது, அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்; 5 வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர்கள் இரண்டைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். 6 கிகாஹெர்ட்சில் இணைய விரும்புபவர்களுக்கு ரவுட்டரும் கார்டும் மட்டும் இருந்தால் போதாது, விண்டோஸ் 11ம் டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் கட்டாயம். ப்ளூடூத் மவுஸ் திக்கினாலோ 2.4 இணைப்பு நடுங்கினாலோ, ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் யுஎஸ்பி 3.0 வட்டோ பென் டிரைவோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள், யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் இதே அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல்லே 2012ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. அந்த வட்டை முன்புறத் துளைக்கு மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம்.

ஆன்டெனாவை எங்கே வைப்பது என்பதும் சிறிய விஷயமன்று. நேரடியாகத் திருகும் குச்சி ஆன்டெனா, கேபினட் என்னும் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மாட்டிக்கொள்கிறது. கம்பியுடன் கூடிய காந்த அடி ஆன்டெனா வந்திருந்தால், அதைக் கேபினட்டின் மேலோ, இன்னும் நல்லது மேசையின் மேலோ, ரவுட்டர் இருக்கும் திசையைப் பார்க்க வையுங்கள். பண்புகள் பக்கத்தைத் திறந்து வைத்து, ஆன்டெனாவை ஒரு சாண் அளவு நகர்த்தி, அரை நிமிடம் பொறுத்து, பக்கத்தை மீண்டும் திறந்து இணைப்பு வேகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று நான்கு இடங்களை இப்படிச் சோதித்தபின், எண் எங்கே மிக உயர்ந்து நிற்கிறதோ அங்கேயே ஆன்டெனாவை விட்டுவிடலாம்.